இழுக்காத பெல்ட்டு

இல்லம்மா, அத உள்ள வெச்சிடு. கழுத்துல மாட்றது எதையும் எனக்கு காட்டவே வேணாம். சங்கிலி, சுருக்கு, உள்பக்கம் முள்ளு வெச்சது, எல்லாம் பாத்தாச்சு. கழுத்துல போட்டா இழுக்க இழுக்க இருமுது. இருமிகினே இழுக்குது. தன் தொண்டைய தானே நெரிச்சிகினு ஓட்ற ஜென்மத்த நா இப்ப தான் பாக்கறேன். எனக்கு பாடி பெல்ட்டு தான் வேணும். நீ இன்னாவோ பேரு சொன்னியே, ஹார்னஸு, அதுலயே இழுக்காம இருக்கறதுக்குன்னு ஒண்ணு வருதாமே. சமீருல்லா பாய் சொன்னாரு. அவரு பேரப்பசங்களுக்கு தொட்டி மீனெல்லாம் உங்கிட்ட தான் வாங்கறாராம். இரம்னு ஒரு பொண்ணு கடை வெச்சிகிது, பொறுமையா எடுத்து காட்டும், போய் பாருங்கன்னாரு.

தோ, வெளிய படுத்துகிது பாரு, அதுக்கு தான். பீமா. ஏழு மாசம் ஆவுது. அப்பன் யார் வூட்டு லேப்ரடாரோ தெர்ல, அம்மாக்காரி எங்க ஷூ கம்பெனி கேட்டாண்ட கெடக்கற தெரு நாயி. கால பாத்தியா, எவ்ளோ பெருசுன்னு. கால் பெருசா இருந்தா ஒடம்பு இன்னும் வளருமாம். தெருவுல போறவங்க வர்றவங்க எல்லாம் அத சொல்லி சொல்லியே என்ன பயங்காட்றாங்க.

அவரா? அவரு எங்க வூட்டுக்காரரு. காசிநாதன்னு பேரு. உக்காந்துகினு இருக்கட்டும்மா, சேரு போட்டியே அதுவே போதும். டீ வேணுமான்னு கேட்டா வேணாம்பாரு, கையில குடுத்துட்டா குடிச்சிடுவாரு. நாயி அவரு கால் மேல தலைய வெச்சிகினு படுத்துகினு இருக்கற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டாரு. நாம பேசலாம். கொஞ்சம் சன்னமா பேசு, போதும்.

எனக்கு ஞாயித்துக்கெழமைக்குள்ள வேணும்மா. எம்புள்ள ஒசூர்ல வேலையில இருக்கறான், இளம்பரிதி. அவன் அன்னிக்கு வண்டி எடுத்துகினு வர்றான். நெமிலி பக்கம் அவன் தோஸ்த்து ஒருத்தருக்கு நெலம் இருக்குது, மோட்டார் கொட்டாய்க்கு காவலுக்கு நாயி கேட்டாங்களாம். இத ஏத்திகினு போய் அங்க வுட்றதுன்னு பேசி முடிச்சிட்டான். நா தான் ஒரே ஒரு தடவ பாருன்னு கெஞ்சினேன். உங்கப்பா நாய புடிச்சிகினு தெருக்கோடி வரைக்கும் போய்ட்டு வரட்டும், நீ வாசல்ல நின்னு பாரு. ஒரு எடத்துல இழுத்து அவர தடுமாற வெச்சாலும் நீயே ஏத்திகினு போ, நா வாய தொறக்க மாட்டேன்னேன். சரின்னுட்டான். அதான் காலங்காத்தால ரெண்டு பேரையும் இட்டுகினு வந்து நிக்கறேன்.

இதுல வளையம் முதுகுல இருக்குதா? அப்ப வேணாம்மா. இந்த மாதிரி ஒண்ணு பஸ் ஸ்டாண்டாண்ட வாங்கி போட்டு பாத்தேன். முதுகுல கயிறு கட்டனதும் அதுக்கு ஒரே குஷி. வண்டியில மாடு பூட்டன மாதிரி, நெஞ்ச முன்னால குடுத்து இழுக்குது. கழுத்தாவது வலிக்கும், இதுல வலிக்கவும் இல்ல. நா பெல்ட்ட போட்டு அதுக்கு பலத்த ஏத்தி வுட்டேன், அவ்ளோ தான்.

மூக்கு மேல மாட்றதா? அதுவும் வூட்ல கெடக்குது. எம்புள்ள தான் ஆன்லைன்ல அனுப்பிச்சான். அது நெசமா வேல செய்யுதும்மா, பொய் சொல்லக் கூடாது. தலைய திருப்பிட்டா ஒடம்பு தன்னால திரும்பிடுது. ஆனா அவரு பாத்துட்டாரு. எவன் இதுக்கு வாய கட்னதுன்னு ஒரே கோவம். வாய கட்டலீங்க, வாய் தொறக்குது பாருங்க, தண்ணி கூட குடிக்கும்னு நா காட்றேன், காதுலயே போட்டுக்கல. அவுத்து வீசிட்டு, அது தலைய மடியில வெச்சிகினு மூக்க தடவி குடுத்துகினே உக்காந்துட்டாரு. மறுநாளு மறந்திருப்பாருன்னு திரும்பவும் போட்டேன். மறுநாளும் அதே கேள்வி, அதே கோவம். நாயிக்கும் இந்த நாடகம் புடிச்சி போச்சி. அத பாத்தாலே போய் அவரு மடியில தலைய வெச்சிக்குது, திருட்டு கழுத.

ஆமாம்மா. கொஞ்ச நாளா அப்படி தான் இருக்கறாரு. வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரியில காட்டிகினு தான் இருக்கறோம்.

நீ இன்னா கேக்கறன்னு தெரியுது. தோலுக்குன்னே இருக்கற ஊர்ல, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஷூ கம்பெனியில வேல செஞ்சிட்டு, நைலான் பெல்ட்டு தேடி கடைக்கு வந்துகிறியேன்னு தானே. நல்லா கேட்ட. எல்லாரும் கேக்கறாங்க. அவரு கட்டிங்கு, நா ஸ்டிச்சிங்கு. அவரு வெட்டி அனுப்பறது எங்க லைனுக்கு தான் வரும். அங்க பாத்து தான் கல்யாணமே. எங்களுக்கு தெரியாத வாரா, எங்களுக்கு தெரியாத தையலா. செஞ்சோம்மா. இந்த நாயிக்கு மொதல்ல போட்டதே நாங்க செஞ்ச தோல் பெல்ட்டு தான்.

அந்த கதைய கேளு. ரிட்டையர் ஆன அப்பறமும் அவரு கால் தன்னால கம்பெனி பக்கம் தான் போவும். சட்ட போட்டுகினு, டிபன் பாக்ஸ கேப்பாரு. நா சிரிச்சிகினே, உங்களுக்கு வேல இல்ல, வூட்ல உக்காருங்கன்னுவேன். பழக்க தோஷம்னு நெனச்சேன். வண்டி மாடு பழகன வழியில தன்னால போவறதில்லையா, அந்த மாதிரி. அப்படி ஒரு நாளு போனவரு திரும்பி வர சொல்ல சட்டைக்குள்ள இத வெச்சிகினு வந்தாரு. கேட்டாண்ட குட்டி போட்டுதாம், வாட்ச்மேன் குடுத்தானாம். எனக்கு நாயின்னா ஆவாதும்மா. சின்ன வயசுல கடிபட்டவ நானு. வெளிய வுட்டுட்டு வாங்கன்னேன். அது அதுக்குள்ள என் செருப்ப கடிக்க ஆரமிச்சிடுச்சு. ஆம்பூர்ல பொறந்தது செருப்ப கடிக்காம இன்னாத்த கடிக்கும், அதுவும் ஒரு டெஸ்டிங் தான்னு அவரு சிரிச்சாரு. அவரு அந்த மாதிரி சிரிச்சி ரொம்ப நாளாயிருந்துது. சரி கெடக்கட்டும்னு வுட்டுட்டேன்.

அது வளந்து இழுக்க ஆரமிச்சதும், இவரு பழைய தோல் துண்டெல்லாம் எடுத்து வெச்சிகினு உக்காந்தாரு. நெஞ்சுக்கு ஒரு வாரு, வயித்துக்கு ஒரு வாரு, தோள் மேல ரெண்டு. தானே வரஞ்சி, தானே வெட்டி, ஓரத்தையெல்லாம் சீவி எங்கிட்ட குடுத்தாரு. நா தெச்சேன். வூட்ல ஒரு பழைய மெஷின் இருக்குது. அவ்ளோ அழகா இருந்துதும்மா. காப்பி கலர்ல, பித்தள பக்கிள் வெச்சி. தெருவுல எல்லாரும் நின்னு பாப்பாங்க. எந்த கம்பெனி எக்ஸ்போர்ட்டுன்னு ஒருத்தர் கேட்டாரு.

ஒரு வாரம் போல ஆச்சி. பெல்ட்டு தொங்குது. ஒரு ஓட்ட தள்ளி போட்டோம். அப்பறமும் தொங்குது. நா இன்னா நெனச்சேன் தெரியுமா, நாயி எளச்சிட்டுதுன்னு நெனச்சேன். தெனம் முட்ட போட ஆரமிச்சேன். அது முட்டைய தின்னுகினு ஊதுது, பெல்ட்டு லூஸாவுது, நா இன்னும் ஒரு முட்ட ஜாஸ்தி போடறேன். இப்ப சொன்னா சிரிப்பா இருக்குது.

அப்பறம் ஒரு நாளு பைபாஸ் ஓரமா போவ சொல்ல, ஒரு லாரி ஆரன் அடிச்சான். நாயி ஒரு துள்ளு துள்ளி பின்னால இழுத்துது. பெல்ட்டு முழுசா தலை வழியா கழண்டு அவரு கையில வந்துட்டுது. நாயி ஓடி போய் ஒரு டீக்கடை பெஞ்சு கீழ பூந்துகிச்சு, நல்ல வேள. நா அத புடிச்சிகினு வர்றேன். இவரு ரோட்டோரமா நின்னுகினு, கையில இருக்கற பெல்ட்டயே பாத்துகினு இருக்கறாரு. ரெண்டு கையாலயும் ஒரு வார புடிச்சி இழுக்கறாரு. பெசஞ்ச மாவு மாதிரி நீண்டு வருது.

உனக்கு தெரியுமோ என்னமோ. தோலு எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்காதும்மா. முதுகு பக்கம் வெட்னா அப்படியே நிக்கும். வயித்து பக்கம் இழுக்க இழுக்க வரும். வாருக்கு எவனும் வயித்துல கத்தி வெக்க மாட்டான். கட்டிங்ல வேலைக்கு சேர்றவனுக்கு மொத நாளு சொல்ற சமாச்சாரம் அது. இவரு எத்தினியோ பேருக்கு சொல்லி குடுத்தவரு.

நா அந்த வார வாங்கி ஒரு தடவ இழுத்து பாத்தேன். அப்பவே தெரிஞ்சி போச்சி எனக்கு. டாக்டரு ஸ்கேன் பாத்துட்டு சொன்னதெல்லாம் அப்பறம். அது கூட பரவால்ல. இவரு என்ன பாத்து கேட்டாரு பாரு. எவன் வெட்னது இத, வயித்துல வெட்டிகிறான், இவனையெல்லாம் யாரு லைன்ல வுட்டதுன்னு.

புது ஆளுங்க, தெரியாம வெட்டிட்டான்னேன்.

மறுநாளு அத எடுத்துகினு போய் சமீருல்லா பாய் கிட்ட காட்டினேன். ரெண்டு பேரும் ஒண்ணா கட்டிங்ல நின்னவங்க, பாய் அப்பறம் சூப்பர்வைசர் ஆனாரு. பாயும் ஒரு தடவ இழுத்தாரு. சுருட்டி குடுத்தாரு, என் மூஞ்ச பாக்கல. சாயங்காலம் வூட்டுக்கு வந்தாரு. இவரு பக்கத்துல உக்காந்துகினு, காசி, அந்த புது பையன நா கண்டிச்சிட்டேன்டா, இனிமே வயித்துல கத்தி வெக்க மாட்டான், நீ நிம்மதியா இருன்னாரு. இவரும் தலைய ஆட்டிகினாரு. பாவம், ரொம்ப திட்டாத, கத்துப்பான்னாரு. பாய் அப்படியே எழுந்து கொல்லப்பக்கம் போய் ரொம்ப நேரம் கை கழுவிகினு இருந்தாரு.

பரவால்லம்மா. நீ ஏன் இப்ப. உனக்கு சொல்லணும்னு வரல, பேச்சுல வந்துட்டுது. அந்த சிவப்ப எடு, பாப்போம்.

இதுல வளையம் நெஞ்சுல இருக்குதா. இழுத்தா? ஓ, இழுத்தா ஒடம்பு பக்கவாட்டுல திரும்பி நம்ம பக்கம் பாத்துகினு நிக்கும். அப்ப முன்னால போவணும்னா கயித்த தளத்தி தான் போவணும். புரிஞ்சிடுச்சு. இது நல்லா இருக்குது. இது தான் பாய் சொன்னது.

ஆனா இந்த வாரு தோள் மூட்டு மேல குறுக்க போவுது பாரு. வளர்ற நாயிக்கு கால் வீசி நடக்க முடியாதே. ஆங், அந்த இன்னொண்ணு. அது நெஞ்செலும்பு மேல எறங்கி கால் நடுவுல போவுது. அது சரி. நாலு எடத்துலயும் பெருசு பண்ணலாமா? அப்ப இன்னும் கொஞ்ச மாசத்துக்கு வரும். முன்னங்கால் அக்குள்ல ஒரசாதே? அங்க மட்டும் தோலு மெல்லிசா இருக்கும், புண்ணாயிடும். உள்பக்கம் நா வேணா மெத்துன்னு லைனிங் வெச்சி தெச்சிக்கறேன்.

பக்கிளு எத்தினி? ரெண்டா. ஒண்ணு போதும்மா. ரெண்டு இருந்தா அவருக்கு எது எதுல போவுதுன்னு கொழம்பிடும். அவரு தான் போடுவாரு. நா போட்டு குடுத்தா, நீங்க எதுக்கும்மா சிரமப்படறீங்கன்னு அவுத்துட்டு திரும்பவும் அவரே போடுவாரு. ஒரு பக்கம் வேற கலரா இருந்தா நல்லது. அது இருக்குதா? இருந்தா அத குடு.

நீ வேணா போய் அளந்துகினு வா. முன்னங்காலுக்கு பின்னால சுத்தி எடு, மூச்சு வுட்டு வாங்கட்டும், அப்பறம் எடு. நா இங்கயே நிக்கறேன். நா வந்தா அது எழுந்து குதிக்கும். நீ போ.

வந்துட்டியா. சும்மா இருந்துதா? அவரு இன்னா சொன்னாரு? டேப்ப இறுக்காத, ரெண்டு வெரல் வுட்டு அளன்னாரா. அதெல்லாம் மறக்கல பாத்தியா. கை மறக்கலம்மா. அன்னிக்கு ஒரு நாளு தான் கை ஏமாத்திட்டுது.

இல்ல, நா முழுசா சொல்லிடறேன், இல்லன்னா எம்புள்ளைய நீ தப்பா நெனப்ப. தோலு போன அப்பறம் கழுத்துல பட்டையும் சங்கிலியும் போட்டு தான் இட்டுகினு போனாரு. நடக்கறது நல்லது, தெரிஞ்ச வழியில தெனம் நடக்கட்டும்னு டாக்டரு சொல்லிகிறாரு. வெய்யில் ஏறதுக்குள்ள கெளம்புவாங்க, ஆத்து பக்கம் போய் திரும்பறது. அன்னிக்கு கொஞ்சம் நேரமாயிடுச்சு. பிரியாணி கடைல தேக்சா அண்டா மூடிய எடுக்கற நேரம். அந்த வாசன வந்ததும் இது பாயுது. சங்கிலிய கையில சுத்திகினு இருந்தாரு, வுட தெர்ல. முட்டி போட்டு வுழுந்து, கொஞ்ச தூரம் இழுத்துகினும் போயிடுச்சு. கடைக்காரங்க ஓடி வந்து தூக்கனாங்க. முட்டியும் முழங்கையும் தோலு வழண்டு போச்சி, எலும்புக்கு ஒண்ணும் ஆவல. யாரோ அத போன்ல எடுத்து வுட, அது எம்புள்ளைக்கு போயிடுச்சு. அவனுக்கு எப்படி இருக்கும். அப்பா ரோட்ல வுழுந்து கெடக்கறத ஒசூர்ல உக்காந்துகினு போன்ல பாக்கறதுன்னா. அழுதான்மா அவன். நாயா அப்பாவா, நீயே சொல்லுன்னான். அவன் கேட்டதுல தப்பு இல்ல.

நா புடிச்சா இன்னாவா? புடிச்சி பாத்தேன். எனக்கு முட்டி வலி, அதுக்கு ஈடு குடுக்க முடியல, அது ஒரு பக்கம். இன்னொண்ணு, கயிறு அவரு கையில இல்லன்னா அவரு நடக்க மாட்டாரு. கேட்ட தாண்டி நின்னுடுவாரு. வாங்கன்னா, நா எதுக்குன்னுவாரு. கயித்த கையில குடுத்துட்டா போதும், ஏதோ பொறுப்பு குடுத்த மாதிரி நிமுந்துகினு கெளம்பிடுவாரு.

நாய நடத்த ஒரு பையனா? ஒருத்தன வெச்சா அவன் போனுல பாத்துகினு நடப்பான். அத வுடு.

இன்னா ஒரு மாதிரி இருக்கற? அவரு வேற எதாவது கேட்டாரா? சொல்லு, பரவால்ல.

உள்ள நிக்கற அம்மா உங்க கடையில வேல செய்றவங்களான்னு கேட்டாரா. நீ இன்னா சொன்ன? டேப்ப சுருட்டிகினு வந்துட்டியா. சரி. ஒண்ணும் தப்பில்ல. அது இப்ப கொஞ்ச நாளா.

வூட்லயும் அப்படி தான். மரியாதையா பேசுவாரும்மா. கட்டிகிட்ட நாள்லருந்து வாடி போடின்னு கூப்ட்ட மனுஷன், இப்ப வாங்க போங்கன்னு தான். சோறு போட்டா, நீங்க சாப்ட்டீங்களாம்மா, எந்த லைன்ல வேல செய்றீங்கன்னு கேப்பாரு. ஸ்டிச்சிங்குன்னுவேன். ஓ, நல்ல லைனும்மாம்பாரு. பொழுது சாய்ஞ்சா தான் பேஜாரு. ஷிப்ட்டு முடிஞ்சிடுச்சேம்மா, கம்பெனி பஸ்ஸு போய்டும், உங்க வூட்ல தேடுவாங்க, கெளம்புங்கன்னு வெரட்டிகினே இருப்பாரு. நானும் பைய எடுத்துகினு வர்றேன்னு சொல்லிட்டு வாசல் வழியா போய், கொல்லப்பக்கமா உள்ள வருவேன். அப்பறம் வெளக்கு போட்டுட்டு சோத்த வடிச்சா, வந்துட்டீங்களா, நைட் ஷிப்ட்டான்னுவாரு. சிரிக்கறதா அழுவறதான்னு எனக்கே தெர்ல. மொதல்ல, நா தாங்க அமிர்தம்னு சொல்லிகினு இருந்தேன். சொன்னா பயந்துக்கறாரு. யாரோ ஏமாத்தறாங்கன்னு பாக்கற மாதிரி பாக்கறாரு. அதனால நிறுத்திட்டேன்.

ரெண்டு கயிறா? நெஞ்சு வளையத்துல ஒண்ணு, முதுகு வளையத்துல ஒண்ணு. நெஞ்சுல இருக்கறத அவரு புடிக்கணும், முதுகுல இருக்கறத நா பக்கத்துலயே நடந்துகினு புடிக்கணும். அவரு வுட்டாலும் எங்கிட்ட இருக்கும். நல்ல யோசன தான்மா. எம்புள்ளையும் அதுக்கு உடனே ஒத்துக்குவான். அந்த ரெண்டாவது கயிறு மட்டும் வேணாம்.

கயிறு பாரமா இருக்கும்னு இல்ல.

பக்கத்துல நா போவ கூடாதும்மா. அதான்.

சொல்றேன். யாருகிட்டயும் சொல்லல, பாய் கிட்ட கூட. வூட்ல அவரு யாரையும் தேட்றதில்ல, பேரு சொல்றதில்ல. சேர்ல உக்காந்துகினு சொவத்த பாப்பாரு, அவ்ளோ தான். ஆனா நாய இட்டுகினு நடக்க சொல்ல பேசுவாரு. நாயி கிட்ட. நா பின்னால கொஞ்சம் தள்ளி போவேன், வுழுந்துட போறாருன்னு. மொத மொதல்ல சும்மா எதோ மொணகறாருன்னு நெனச்சேன். ஒரு நாளு காத்து என் பக்கம் அடிச்சிது, காதுல வுழுந்துது. டேய் பீமா, சீக்கிரம் வூட்டுக்கு போய்டணும்டா, அமிர்தம் பாத்துகினு நிப்பா, லேட்டா போனா மூஞ்ச தூக்கி வெச்சிக்குவான்னாரு.

எம்பேரு தான்மா. அமிர்தவள்ளி.

அப்பறம் தெனம் கேக்கறேன். அவ மூக்கு கோவத்துல செவக்கும்டான்றாரு. அவ வெக்கற பூண்டு கொழம்புக்கு நெய்யே வேணாம்டான்றாரு. ஒரு நாளு சொன்னாரு, எங்க ஷெட்டுல எத்தினி மெஷின் ஓடும் தெரியுமாடா, அவ்ளோ சத்தத்துலயும் அமிர்தத்தோட மெஷின் மட்டும் எனக்கு தனியா கேக்கும், அவ நிறுத்தி நிறுத்தி மிதிப்பா, கல்யாணத்துக்கு முன்னாடியே கட்டிங்ல நின்னுகினு அதயே கேட்டுகினு இருப்பேன், அவகிட்ட சொன்னதே இல்லடா, சொன்னா சிரிப்பான்னு. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்லம்மா மனுஷன். இத்தன வருஷத்துல ஒரு வார்த்த. நா ரோட்ல நடந்துகினு முந்தானைய வாயில வெச்சிகினு கேட்டேன்.

நாயிக்கு பலம் ஏறி ரொம்ப இழுக்க ஆரமிச்ச அப்பறம் அது போச்சி. டேய், டேய்ன்றாரு, மூச்சு வாங்குது, அவ்ளோ தான். வேற பேச்சே இல்ல. நானும் இந்த முட்டிய வெச்சிகினு அந்த ஓட்டத்துக்கு கிட்ட போவ முடியல. பக்கத்துல ஒட்டிகினு போனா, வாங்கம்மா, நீங்களும் இந்த பக்கம் தானான்னு மரியாத குடுத்துட்டு வாய மூடிக்குவாரு. எம்புள்ள நாய ஏத்திகினு போய்ட்டா வூட்ல இருக்கற அந்த மரியாத தான் மிச்சம் எனக்கு.

அதனால தான். அது இழுக்காம இருக்கணும். நெமிலிக்கு போவ கூடாது, அவரு வுழ கூடாது, அதெல்லாம் இருக்குது. ஆனா அது சாவகாசமா நடந்துதுன்னா அவரு பேசுவாரு.

ஏம்மா, கண்ண தொடச்சிக்கோ. கடைக்கு ஆளுங்க வருவாங்க. இத போட்டு வுடு, போதும். பக்கிள அவரு கையிலயே குடு, அவரே போடட்டும். அப்பறம் நீயும் கூட நாலடி நடந்து பாரு, தோள்ல ஒரசுதான்னு. நா கடைக்குள்ளயே நிக்கறேன், நீங்க அந்த முன தாண்டனதும் வர்றேன்.

தோ, எழுந்துட்டாரு. போ, போ. நடுவுல திரும்பி பாத்து, பின்னால வர்றவங்க யாருன்னு உன்ன கேட்டாருன்னா, தெர்லன்னு சொல்லு. அவங்க பாட்டுக்கு எங்கயோ போறாங்க, நீங்க பேசுங்கன்னு சொல்லு.